உச்சந்தலை வயர்

“எண்ணெய் வைக்காம வான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, தெரேசா!”

பர்னபாஸ் தலையிலடித்துக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவியின் கூந்தலில் தேங்காயெண்ணெய் வழிந்தது.

“பழக்க தோஷம். கை தானா பாட்டிலுக்குப் போயிருச்சுங்க.”

ரங்கூனில் அந்த ஆஸ்பத்திரிக்கு மூளை அலையை வரையும் மிஷின் வந்த நாளிலிருந்து அதற்கு ஆபரேட்டர் பர்னபாஸ்தான். தலையில் வயர்களை ஒட்டி விசையைத் தட்டினால் பேனாக்கள் தாளில் கோடு இழுக்கும். மனிதன் ஒரு முடிவெடுக்கும்போது உணர்ச்சி அவன் மூளையில் என்ன கூத்தடிக்கிறது என்று டாக்டர் ஊ தெய்ன் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். தமிழ் ஆட்களிடம் கேள்வி கேட்பது பர்னபாஸின் பொறுப்பு. கோட்டைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று மாதா கோவில் வாசலில் அளந்துகொண்டிருப்பார்.

அந்த வருடம் கடைகளெல்லாம் சர்க்கார் கைக்குப் போய், தமிழர்கள் கூட்டம் கூட்டமாக மதராஸுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். பர்னபாஸ் வீட்டிலும் அதே பேச்சு.

“நான் ரெடி. பிறந்த ஊர், வளர்ந்த ஊர்னு உருகுற ஆள் நான் இல்ல. நீ என்ன சொல்றே?” என்பார்.

“உங்க இஷ்டம்” என்பாள் தெரேசா. தூத்துக்குடியில் அவள் அக்கா வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தாள்.

அந்த ‘உங்க இஷ்ட’த்துக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்க்கத்தான், ஆராய்ச்சி என்ற சாக்கில் மனைவியைக் கூட்டி வந்திருந்தார்.

நெற்றியிலும் காதோரத்திலும் வயர்கள் ஒட்டிக்கொண்டன. உச்சந்தலை வயர் மட்டும் எண்ணெயில் வழுக்கி வழுக்கி விழுந்தது. வேறு வழியில்லாமல் அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“கண்ணை மூடிக்க. பேச வேண்டாம், யோசி. ரங்கூன்லயே இருந்திரலாமா?”

கோடுகள் அமைதியாக ஓடின.

“சரி, எல்லாத்தையும் விட்டுட்டுக் கப்பல் ஏறிரலாமா? அப்புறம் திரும்பி வரவே முடியாது.”

உச்சந்தலைப் பேனா பேயாட்டம் ஆடியது. தாள் கிழிந்துவிடும் போலிருந்தது.

பர்னபாஸுக்கு மனம் இளகிவிட்டது. அட பாவமே, வாய்தான் ‘உங்க இஷ்டம்’ என்கிறது. உள்ளே இந்தப் புயலா!

“கவலைப்படாதே. உனக்காக நாம போகல” என்றார். ஏனோ அவருக்குப் பிரமாதமாகப் பசியெடுத்தது. வழியில் நின்று, சேமியாவில் மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

நண்பர் லூர்து குடும்பத்தோடு கப்பலேறிய அன்று, துறைமுகத்தில் பேச்சு வந்தது.

“என்ன பர்னபாஸ், நீங்க வரலையா?”

“நான் ரெடி. இவ மூளை கேட்கலையே! மிஷினே சொல்லிருச்சு.”

எல்லாரும் சிரித்தார்கள். “இப்படியா அழுமூஞ்சியா இருப்பே, தெரேசா?” என்றாள் லூர்துவின் மனைவி. தெரேசா தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டருக்கு அந்தத் தாளைப் பார்க்க அதற்கப்புறம்தான் நேரம் கிடைத்தது.

“பர்னபாஸ், மத்த கோடெல்லாம் குளம் மாதிரி கிடக்கு. இது ஒண்ணு மட்டும் ஏன் குதிக்குது? வயரை யாராவது கையால பிடிச்சிருந்தாங்களா?”

“நான்தான் டாக்டர். எண்ணெய்த் தலை…”

சொல்லும்போதே பர்னபாஸுக்கு விஷயம் உறைத்தது.

“அப்போ இது உங்க கை நடுக்கம். அந்தம்மா கலங்கவே இல்ல.” டாக்டர் தாளை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

‘வயரைக் கையால் தொடாதீர்கள்’ என்று புதிதாக வரும் நர்ஸுகளுக்கெல்லாம் பாடம் நடத்துகிறவர் பர்னபாஸ்தான். டாக்டர் அதைச் சொல்லிக்காட்டாதது பெரிய மனசு.

வீடு இருக்கும் அலோன் பேட்டைக்குப் போகும் பஸ்ஸில் வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். உருகாத ஆளாம்! சூலே பகோடாவைத் தாண்டும்போதெல்லாம் கண் மறையும்வரை திரும்பித் திரும்பிப் பார்க்கிற ஆள், அதை ஒப்புக்கொள்ள ஒரு மிஷின் வேண்டியிருந்தது. பாவம், அக்காவிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவள், ஊர்ச் சிரிப்பையும் சேர்த்து வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் தெரேசா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“எல்லாம் உன் எண்ணெயால வந்த வினை” என்று ஜம்பமாகத்தான் ஆரம்பித்தார். பாதியிலேயே குரல் உடைந்தது. “அன்னிக்கு நடுங்கினது நீ இல்ல, தெரேசா. என் கை. என்னை மன்னிச்சிரு.”

“தெரியும்ங்க. உங்க விரல் என் உச்சந்தலையிலதானே நடுங்குச்சு.”

“தெரிஞ்சுமா அழுமூஞ்சிப் பட்டம் வாங்கிக்கிட்டே? அக்காகிட்டப் போகணும்னு உனக்கு ஆசை இல்லையா?”

“ஆசைதான். ஆனா உங்களுக்கு மனசு வருதான்னு தெரிய வேண்டாமா? வாயால கேட்டா ‘நான் ரெடி’ம்பீங்க.” மீன் சட்டியை ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “எண்ணெய்த் தலையில வயரைப் பிடிச்சா, பிடிக்கிறவங்க கை நடுக்கம்தான் தாள்ல விழும்னு சோத்துக்கு உட்காரும்போதெல்லாம் புலம்புவீங்களே… அதான் அன்னிக்கு எண்ணெயை ரெண்டு கை கூடவே வச்சுக்கிட்டு வந்தேன்.”