கதவில் இரண்டு தட்டு

பெயர்த்துக் கொண்டுவந்த வாசற்கதவு நீதிமன்றத்தின் நடுவே சட்டத்தோடு நிற்கிறது. நெஞ்சுயரத்தில் ஒரு குண்டுத் துளை. ஜன்னல் வெயில் அதன் வழியே நுழைந்து நீதிபதியின் மேசையில் மஞ்சள் புள்ளியாக விழ, அவர் பேனா முனையை அதில் வைத்து வைத்து எடுக்கிறார். அந்தத் துளைக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டுக்காரர் இப்போது உயிரோடு இல்லை. "கதவ உடைக்கப் பாத்தாங்க. உயிருக்குப் பயந்துதான் சுட்டேன்," என்று கூண்டில் நிற்பவன் காலையிலேயே சொல்லிவிட்டான். சாட்சிக்கு வந்திருப்பவள் அவனுடைய அக்கா. அன்று உள்ளறையில் படுத்திருந்தவள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். "சத்தம் கேட்டுச்சுங்க," என்கிறாள். "எப்படிக் கேட்டுச்சு? தட்டிக் காட்டுங்கம்மா," என்கிறார் நீதிபதி. அவள் கதவருகே போய் முஷ்டியை ஓங்குகிறாள். திரும்பித் தம்பியைப் பார்க்கிறாள். ஓங்கிய கை மெல்லத் தணிகிறது; விரல்கள் பிரிகின்றன. ஒற்றை விரலை மடக்கி, உள்ளே குழந்தை தூங்குமோ என்று தயங்குகிறவரைப் போல, இரண்டே தட்டு. "யாரு?" என்று நீதிபதியின் வாய் தன்னையறியாமல் கேட்டுவிடுகிறது. யாரும் சிரிக்கவில்லை. கூண்டுக்குள் தம்பியின் தலை கவிழ்கிறது. அன்றைக்கு இதே கதவுக்குப் பின்னால் நின்று அவன் கேட்காமல் விட்டது அந்த ஒரு வார்த்தையைத்தான்.