கேட்டதைக் கொடுக்கும் இட்லிப்பூச் செடி

பிரவீனா கல்யாணமாகி சேரப்பணஞ்சேரிக்கு வந்த மறுவாரமே, மாமியார் கிளியம்மாள் சமையலறைச் சன்னலுக்கு வெளியே ஓர் இட்லிப்பூச் செடியை நட்டாள்.

"தெனம் தண்ணி ஊத்தி, இதுகூட பேசிகினு இரும்மா. அப்பதான் நல்லா பூக்கும்."

மாமியாரிடம் வாயே திறக்காத பிரவீனா, செடியிடம் மனம் விட்டுப் பேசினாள்.

"விடிகாலை ஷிஃப்டுக்கு முன்னாடி எழுந்து சமைக்கவே முடியல."

மறுநாள் அவள் எழுந்தபோது டிபன் பாக்ஸ் தயாராக இருந்தது.

"வல்லக்கோட்டை முருகனைப் பாக்கணும் போல கீது."

ஞாயிறன்று கணவன் நிலவன் தானாகவே பைக்கைத் துடைத்துக் கோயிலுக்குக் கூப்பிட்டான்.

செடியும் கொத்துக் கொத்தாய்ப் பூத்தது. கேட்டதெல்லாம் கொடுக்கும் செடி என்று கம்பெனி பஸ்ஸில் தோழிகளிடம் பெருமையடித்தாள் பிரவீனா.

ஒருநாள் ஷிஃப்ட் சீக்கிரம் முடிந்து அவள் திரும்பியபோது, வீட்டுக்குள் மாமியாரின் குரல் கேட்டது.

"அந்தப் பொண்ணு என்னைப் பாத்தாலே பயப்படுதுடா நிலவா. அதான் சன்னலாண்ட செடிய வெச்சேன். காபி கலந்துகினே எல்லாத்தையும் கேட்டுக்கறேன்."

பிரவீனாவுக்கு முதலில் வெட்கம் பிடுங்கித் தின்றது; பிறகு சிரிப்பு வந்தது. மறுநாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றியபடி குரலைச் சற்று உயர்த்தினாள்.

"தீபாவளிக்கு எங்க அத்தைக்கு இன்னா எடுக்கறதுன்னுதான் தெரியல."

சன்னலுக்குள் கரண்டி விழுந்தது.

"மாம்பழக் கலர்ல ஒரு பட்டுப் பொடவை" என்றது செடி, கிளியம்மாளின் குரலில்.