ஒண்ணாம் வகுப்பு வீரபத்திரன்

யோகேஸ்வரியின் அப்பா வீரபத்திரன் ஒண்ணாம் வகுப்பில் மூன்றாவது முறையாகப் பெயிலானார்.

அவருக்கு வயது முப்பத்தெட்டு.

இலங்கை மலைநாட்டில், வட்டகொடைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில் அவர் ஸ்டோருக்கு, அதாவது தேயிலை ஆலைக்கு, இரவுக் காவல்காரர். மத்தியானம் தூங்கி எழுந்து, முகம் கழுவி, மீசையை முறுக்கிக்கொண்டு, சிலேட்டோடு தோட்டத்துப் பள்ளிக்கூடம் போய்விடுவார். அவர் பாரம் தாங்காமல் இரண்டு பெஞ்சு முறிந்தபின், வாத்தியார் அமிர்தநாதன் அவரைத் தரையில் உட்கார வைத்தார். அப்படியும் பின்னாலிருந்த பிள்ளைகளுக்குக் கரும்பலகை தெரியவில்லை.

தொழிலாளர் வீட்டு வரிசையான லயமே சிரித்தது.

"மகளோட ஒரே பள்ளிக்கூடத்துல படிக்கிற மனுசனை எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?" என்று அவர் மனைவி அன்னம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "அதுலயும் மக மேல போறா, இவரு அங்கேயே நிக்கிறாரு!"

யோகேஸ்வரி மட்டும் சிரிக்கமாட்டாள். பத்து வயதுதான். ஆனால் அப்பாவைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் சண்டைக்கு வந்துவிடுவாள்.

"எங்கப்பா மாதிரி விடாம படிக்க யாரால முடியும்? நீங்கல்லாம் ஒரு தடவை பெயிலானாலே நின்னுடுவீங்க!"

தினமும் சாயங்காலம், அவர் காவலுக்குக் கிளம்புமுன், அவளே உட்கார வைத்துப் பாடம் சொல்லுவாள்.

"அப்பா, இது 'க'. நல்லா பாருங்க."

"பாத்துட்டேன் தாயி. அப்ப இது?"

"அதுவும் 'க'தான்ப்பா!"

"ரெண்டும் ஒண்ணா? எங்க, மொதல்லேருந்து சொல்லு."

ஒரே பாடத்தைப் பத்துத் தடவை சொல்ல வேண்டும். கணக்கு இன்னும் மோசம். "ஏழும் எட்டும் பதினஞ்சு, சரி. எட்டும் ஏழும் எவ்வளவு?" என்று கேட்பார். அதை விளக்குவதற்காகவே அவள் பாடத்தைத் தலைகீழாகப் படித்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வருஷத்துக்கு ஒரு முறை தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையே வந்து பரீட்சையைப் பார்ப்பார். அவர் போட்ட சட்டம் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்திலேயே குறைந்த மார்க் வாங்கும் பிள்ளையின் பெயரை வெட்டி, மறுநாளே புல்லு வெட்ட அனுப்பிவிட வேண்டும். ஏறாத தலைக்கு எதற்குச் சிலேட்டு என்பது துரையின் கொள்கை.

1936ஆம் வருஷத்துப் பரீட்சையில் வாத்தியார் கரும்பலகையில் 'ட' எழுதினார்.

"வீரபத்திரன், இது என்ன?"

வீரபத்திரன் எழுந்து, கைகட்டி, வெகுநேரம் யோசித்தார்.

"தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்திங்க ஐயா."

"சைபர்."

"அப்ப இந்த ஆள்தான் கடைசி" என்றார் துரை. "பெயரை வெட்டு. நாளைக்கு வேலைக்கு அனுப்பு."

கூட வந்த கணக்கப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "இவன் ஏற்கனவே வேலையிலதான் இருக்கான் துரை. நம்ம ஸ்டோர் காவக்காரன்."

"பரவாயில்லை. புல்லு வெட்ட அனுப்பு."

"அனுப்பிட்டா ஸ்டோருக்கு யாருங்க காவல்?"

துரை தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"சரி, இன்னும் ஒரு வருஷம் படிக்கட்டும்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க துரை."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"அப்பவும் இதேதாங்க."

"அப்ப அதுதான் வழக்கம்" என்று துரை கையெழுத்துப் போட்டார்.

அந்த வருஷம் முதல் மார்க் யோகேஸ்வரிக்கு. தலவாக்கலையில் தங்கிப் பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்கட்டும், செலவு தோட்டத்துடையது என்று துரை சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் பிள்ளை அப்படிப் போவது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் அவள் அழுதுகொண்டே வாத்தியார் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"நான் தலவாக்கலைக்குப் போகல ஐயா."

"ஏன் பிள்ளை? என்ன ஆச்சு?"

"நான் போயிட்டா அப்பாவுக்கு யாரு சொல்லிக் குடுப்பாங்க? எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. அவரு பாஸாகட்டும். அப்புறமா போறேன்."

அமிர்தநாதன் அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உன்கிட்ட சொல்லமாட்டேன்னு அவருக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். பரவாயில்ல, ஆண்டவர் மன்னிப்பார். உங்கப்பா இந்தியாவுல எட்டாவது வரைக்கும் படிச்சவரு."

"எங்கப்பாவா?"

"நான் இந்த வேலைக்கு மனு எழுதிக்கிட்டு வந்து ஸ்டோர் வாசல்ல நின்னேன். வாங்கிப் பாத்தாரு. பதினோரு பிழை. அத்தனையும் திருத்திக் குடுத்தவரு அவருதான்."

யோகேஸ்வரியின் அழுகை நின்றுவிட்டது. நேற்றுச் சாயங்காலம்கூட அவர் விரலைப் பிடித்து 'அ'வுக்குச் சுழி போடப் பழக்கியவள் அவள்.

"அப்புறம் ஏன் ஐயா...?"

"மொத பரீட்சை வந்தப்ப கடைசியில நின்னது நீ. ஒரு எழுத்தும் ஏறல. துரை வர்றதுக்கு மொத நாள் உங்கப்பா வந்தாரு. 'என் பேரையும் பதிஞ்சுக்குங்க. எனக்குச் சைபர் போடுங்க. அவளுக்கு நான் தெரியாத மாதிரியே கேட்டுக் கேட்டுப் படிக்க வச்சுடுறேன்'னாரு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அப்ப, நான் போயிட்டா அப்பா பள்ளிக்கூடம் வரமாட்டாங்களா?"

"நானும் நேத்து அதைத்தான் கேட்டேன். 'மகதான் தேறிடுச்சே, இனி எதுக்குய்யா உங்களுக்கு இந்தக் கூத்து'ன்னு." வாத்தியார் சிரித்தார். "'இப்பக் கடைசியில செல்லசாமி மக நிக்குதுங்க. அது தேறுற வரைக்கும் நான் பெயிலுதான்'னுட்டுப் போயிட்டாரு."