கண்ணுக்குத் தெரியாத டோமெங்

"நொவேனா ஜெபத்துக்குப் போறவளுக்கு மீன் சட்டி எதுக்கு, டோமெங் அண்ணே?"

கேட்டுவிட்டு, "நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்று துணி காயப்போடப் போய்விட்டாள் பக்கத்து வீட்டு பாசிங்.

செருப்புத் தைத்துக்கொண்டிருந்த டோமெங்குக்கு ஊசி விரலில் ஏறியது.

புதன்கிழமை தவறாமல் அவன் மனைவி லூமிங் தலைக்குக் குளிக்கிறாள். உதட்டுச் சாயம் பூசுகிறாள். பூப்போட்ட குடையை எடுத்துக்கொண்டு "சர்ச்சுக்கு" என்று கிளம்புகிறாள். கையில் மூடி போட்ட சட்டி. திரும்பி வரும்போது சட்டி காலி. மாதாவா மீன் சாப்பிடுகிறாள்?

நேரே கேட்டிருக்கலாம். ஆனால் லூமிங்கிடம் நேரே கேட்டு ஜெயித்தவர் லிலியூ ஊரில் யாருமில்லை.

சர்ச் வாசலில் தாயத்து விற்கும் பெரோங்கிடம் போனான்.

"இது புனித வெள்ளியன்னிக்குக் குகையில வச்சு மந்திரிச்சது" என்று ஒரு பித்தளைக் காசை எடுத்துக் கொடுத்தான் பெரோங். "நாக்குக்கு அடியில வச்சுக்கோ. யார் கண்ணுக்கும் தெரிய மாட்டே. ஒரே நிபந்தனை, வாயைத் திறக்கக் கூடாது."

"தும்மல் வந்தா?"

"மூக்கால தும்மு."

வீட்டுக்கு வந்ததும் காசை வாயில் போட்டுக்கொண்டு நடுக்கூடத்தில் நின்று பார்த்தான். பெருக்கிக்கொண்டு வந்த லூமிங், அவன் காலையும் சேர்த்துப் பெருக்கிவிட்டுப் போனாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாக அது தினமும் நடப்பதுதான். காசு வேலை செய்கிறது என்ற சந்தோஷத்தில் அவனுக்கு அது தோன்றவில்லை.

புதன்கிழமை வந்தது. ஜீப்னி வண்டியில் லூமிங் முன்னால் ஏறினாள், டோமெங் பின்னால். நெரிசலில் ஒரு பருத்த அம்மாள் தன் காய்கறிக் கூடையை அவன் மடியில் வைத்தாள். காலி இடம் என்று நினைத்துவிட்டாள், பாவம்! கன்னம் உப்ப, கண் பிதுங்க உட்கார்ந்திருந்தவனை மற்றவர்கள் மரியாதைக்காகப் பார்க்காததுபோல் இருந்தார்கள்.

சர்ச் வந்தது. லூமிங் இறங்கவில்லை.

பக்கத்து ஊரான நாக்கர்லானும் தாண்டி, ஒரு மண்பாதை முனையில் இறங்கினாள். பாதையைப் பார்த்ததும் டோமெங்கின் கால் தயங்கியது. அது அவன் பிறந்த வீட்டுக்குப் போகும் பாதை.

அங்கே அவன் அப்பா அன்செல்மோ தனியாக இருந்தார். அவரோடு பேசி ஏழு வருஷம். திருவிழாச் சேவல் சண்டையில், மகன் விட்ட சேவலுக்கு எதிராகப் பந்தயம் கட்டினார் மனுஷன். கட்டியதுகூடப் பரவாயில்லை. ஜெயித்துவிட்டார். அன்றைக்கு ஊர் சிரித்த சிரிப்பில், 'இனி இவர் வாசப்படி மிதிக்க மாட்டேன்' என்று சத்தியம் பண்ணியவன் டோமெங். போன வருஷம் அவருக்குக் கண் மங்குகிறது என்று யாரோ வந்து சொன்னபோதுகூட, "அவருக்கென்ன, சேவல் பாக்கற கண்ணாச்சே" என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

இப்போது கதவோரம் நின்று எட்டிப் பார்த்தான்.

லூமிங் ஆசி வாங்க, கிழவரின் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கை பிறகு மேஜையைத் தடவித் தடவித் தட்டைத் தேடியது.

"தேங்காய்ப்பால் ஊத்தின திலேப்பியா மீன், மாமா. உங்க மகன்தான் கொடுத்தனுப்பினார். முழங்கால் வலி எப்படி இருக்குன்னு கேட்டார்."

"அடடே, கேட்டானா! தேவலைன்னு சொல்லு. கண்ணு ரெண்டும் சுத்தமா இருட்டிப் போச்சுன்னு மட்டும் சொல்லாதே. மனசு கஷ்டப்படுவான்."

டோமெங் வாயைத் திறக்கப் போனான். நாக்கடியில் இருந்த காசு நினைவு வந்து மூடிக்கொண்டான்.

கிழவர் ஒரு வாய் சோற்றை எடுத்தவர், அப்படியே நிறுத்தினார். காற்றை மோந்து பார்த்தார்.

"என்னம்மா இது, செருப்பு ஒட்டற பசை வாசனை அடிக்குது? இன்னிக்கு அனுப்பினவனே வந்திருக்கானா?"

லூமிங் திரும்பக்கூட இல்லை. இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள்.

"வந்திருக்கார், மாமா. ஆனா கண்ணுக்குத் தெரியாம இருக்கார். ஜீப்னி ஏறினதுலேருந்து தெரியாமத்தான் இருக்கார்."

"எனக்கு எல்லாருமே அப்படித்தாம்மா. உள்ளே வந்து உட்காரச் சொல்லு."

"அப்பா!" என்றான் டோமெங். காசு 'டங்' என்று தரையில் விழுந்து மேஜைக்கு அடியில் உருண்டது. யாரும் அதைத் தேடவில்லை.

அவன் உள்ளே வந்து கிழவரின் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டான். எடுக்க மனம் வராமல் வெகுநேரம் அப்படியே வைத்திருந்தான்.

"அப்பா... ஒருநாள்கூட நான் எதுவும் கொடுத்தனுப்பினதில்லப்பா. உங்க முழங்காலைப் பத்தி நான் கேட்டதே இல்ல. எல்லாம் இவ சொன்ன பொய்."

"தெரியும்டா" என்றார் கிழவர், முள்ளை விரலால் தடவி எடுத்தபடி. "உனக்கு என்னிக்கு நல்ல மீனாப் பாத்து வாங்கத் தெரிஞ்சுது? பொய்னு நான் சொல்லிட்டா, இந்தப் பொண்ணு வெக்கப்பட்டு வராம இருந்திடுவாளேன்னுதான் நம்பற மாதிரி இருந்தேன்."