வெற்றிலை போடாத வாய்

தீர்த்தம்மாள் டாக்டருக்குத் தர வேண்டிய பாக்கி நூற்று நாற்பத்து மூன்று ரூபாய். பணம் முந்தானை முடிச்சில் இருந்தது. ஆனால் முடிச்சை அவிழ்க்காமல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"காசு இருக்குதுங்க டாக்டரே. மொதல்ல இவ எனக்கு என்ன வெஷம் வெக்கிறான்னு சொல்லுங்க. அப்புறம் எண்ணி வெக்கிறேன்" என்று பக்கத்தில் நின்ற மருமகளைக் கை காட்டினாள்.

பாப்பாரப்பட்டியில் பஸ் ஏறியதிலிருந்து அழுது அழுது மருமகள் சின்னபொண்ணின் முகம் ஊறப்போட்ட சோளம் மாதிரி உப்பியிருந்தது.

டாக்டர் சவுரியப்பன் திருச்சிப் பக்கத்துக்காரர், தர்மபுரிக்குப் புதுசு. எண்பத்தாறாம் வருஷம் தை மாதம் களத்தில் வழுக்கி விழுந்து தீர்த்தம்மாளின் மணிக்கட்டு முறிந்தது. எலும்பு பஞ்சு மாதிரி ஆகிவிட்டது, இது கெட்டியாக்கும் என்று மெட்ராஸிலிருந்து மாத்திரை வரவழைத்துக் கடனுக்குக் கொடுத்தவர் அவர்தான்.

விழுங்க ஆரம்பித்த பிறகுதான் வினை. வயிற்றில் எரிச்சல், ஓங்கரிப்பு, முழங்காலில் கடப்பாரை இறக்கினாற்போல வலி.

"உங்க மாத்திரையக் குத்தஞ் சொல்லலீங்க. குடுக்கற கைதான் செரியில்ல. வெள்ளப் பல்லக் காட்டிச் சிரிச்சே என் மவனக் கவுத்தவ இவ. நீங்க ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, இன்னிக்கே ஒகேனக்கல் பஸ்ஸுல ஏத்தி, அவ அப்பன் ஓட்டற பரிசல்லயே எறக்கி வுட்டுட்டு வந்துடறேன். மவனும் செரின்னுட்டான்."

டாக்டர் மருமகள் பக்கம் திரும்பினார். "மாத்திரையை எதுலம்மா கலந்து குடுக்கறே?"

"எதுலயும் கலக்கலீங்க. நெறைய தண்ணி குடிக்கணும்னு நீங்கதான சொன்னீங்க? பம்புல புதுசா அடிச்சு ரெண்டு சொம்பு குடுப்பேன். அத்தை குடிச்சு முடிக்கற வரைக்கும் அங்கியே நிப்பேனுங்க."

"பாத்தீங்களா! உசுரு போச்சான்னு பாக்கத்தான் நிக்கறா!"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நாக்கை நீட்டுங்க... ஏம்மா, வெத்தலையை விடச் சொன்னேனே? பல்லுல இன்னும் அதே காவிக் கறை."

தீர்த்தம்மாளுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "அன்னிக்கே சொன்னேனுங்க, நீங்கதான் காதுல வாங்கல. என் வாயில வெத்தல பட்டதே கெடையாது. எங்கூர்ல பள்ளிக்கூடம் போற புள்ளைங்களுக்கே பல்லு இப்பிடித்தான். போயிப் பாருங்க."

டாக்டரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. டார்ச் அடித்து அவள் பல்லை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, "நீ காட்டும்மா" என்றார். சின்னபொண்ணு அழுகையோடு 'ஈ' என்று காட்டினாள். உரித்த பூண்டு மாதிரி வெள்ளை.

"நீ எந்தத் தண்ணி குடிச்சு வளந்தே?"

"ஆத்துத் தண்ணிங்க. காவேரி."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "உங்க ஒடம்புல வெஷம் எறங்கியிருக்கறது நெசந்தாம்மா."

"கேட்டியாடி!" தீர்த்தம்மாள் கையைத் தட்டினாள்.

"பொறுங்க. உங்க ஊருக் கெணத்துலயும் பம்புலயும் வர்ற தண்ணியில புளோரைடுன்னு ஒரு உப்பு இருக்கு. பல்லுல இருக்கறது வெத்தலைக் கறை இல்ல, அந்த உப்புக் கறை. எலும்புக்குள்ளயும் அது ஏறியிருக்கு. உங்க மருமக ஒரு பாவமும் அறியாதவ."

தீர்த்தம்மாள் மருமகளை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"மூஞ்சியத் தொடைடி. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"எந்த பஸ்ஸுங்க அத்தை?"

"நம்மூட்டுக்குப் போற பஸ்ஸுதான்டி. வேற எந்த பஸ்ஸு?"

முந்தானை முடிச்சு அவிழ்ந்தது. கசங்கிய நோட்டுகளை நீவி மேஜைமேல் எண்ணி வைத்தவள், கடைசி ரூபாயில் கையை நிறுத்தினாள்.

"ஏனுங்க டாக்டரே, அந்தத் தண்ணிய நான் பொறந்ததுலருந்து குடிக்கறேன். இந்த மூணு மாசமா மட்டும் எப்பிடிங்க இந்தப் பாடு படுத்துது?"

டாக்டர் பணம் முழுவதையும் அவள் பக்கமே தள்ளினார். அவள் கொண்டுவந்திருந்த மாத்திரை டப்பாவை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"காசை முடிஞ்சுக்குங்கம்மா. என் மாத்திரையும் அதே உப்புதான்."