கிளாக்கர் வீட்டு ஐஸ்

"ஒரு துண்டு ஐஸ்கூடவா தரமாட்டாங்க? மாரியம்மன் திருவிழாவுக்குத்தானே கேட்டோம்!"

ஏழுமலை கொதித்துப் போனார். கஹவத்தைப் பக்கத்து இறப்பர் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர் அவர்தான். தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிளாக்கர் இரத்தினசபாபதிக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்.

"பிரிட்ஜைத் திறந்தா குளிர் போயிருமாம் தலைவரே. கரண்டும் அடிக்கடி நிக்குதாம்" என்றான் வெறுங்கையோடு திரும்பிய மூக்கையா.

"கிளாக்கர் சம்சாரம் அந்த நாகேஸ்வரிக்கு நாமன்னா இளக்காரம்! செத்தாலும் அந்த வீட்டுலயிருந்து ஒரு பொருள் வாங்கமாட்டேன்."

சாவைப் பற்றி அவர் விளையாட்டுக்குப் பேசவில்லை. சிறுநீரகத்தில் தொடங்கிய புற்றுநோய், அந்தச் சிறுநீரகத்தை எடுத்த பிறகும் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. கொழும்பு டாக்டர் கடைசி முயற்சியாக இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் போடச் சொல்லியிருந்தார். தோட்டத்து டிஸ்பென்சரியில் நர்ஸ் ஸாஹிராதான் போட்டுவிடுவாள்.

"ஊசி நேரா நோயை அடிக்காது. ஒண்ணு நோயை எதிர்க்காம நம்ம உடம்புல தூங்குற ஆளுங்களை எழுப்பும், இன்னொண்ணு கூட்டத்தைப் பெருக்கும். ரெண்டும் சேர்ந்தா ஸ்ட்ரைக்தான்!" என்பார் ஏழுமலை.

ஊசி போட்டால் காய்ச்சல் அனலாகக் கொதிக்கும், பல் கிடுகிடுக்கும். கம்பளிக்குள்ளிருந்து, "விடாதீங்கடா, அடிங்கடா!" என்று கத்துவார்.

திருவிழா முடிந்து சில மாதங்களில் கொழும்பில் ஸ்கேன் படம் எடுத்தார்கள். நுரையீரலில் ஒரு கட்டியும் இல்லை!

"எல்லாருக்கும் இந்த மருந்து இப்படிக் கேட்காது. நீங்க ஜெயிச்சிட்டீங்க" என்றார் டாக்டர்.

அவர் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தப்பு மேளம் முழங்கியது, வெடி வெடித்தது. தோட்டமே சந்தோஷத்தில் ஆடியது. கழுத்தில் விழுந்த மாலையோடு ஏழுமலை நேரே டிஸ்பென்சரிக்குப் போனார்.

"மிஸ், இந்த மின்வெட்டுலயும் மருந்தைக் கெடாமப் பார்த்துக்கிட்டீங்க. உங்க பிரிட்ஜுக்கே மாலை போடணும்!"

ஸாஹிரா தயங்கினாள்.

"இங்க பிரிட்ஜ் பழுதாகி எவ்வளவோ காலம் தலைவர்."

"அப்ப மருந்து?"

"நாகேஸ்வரி அம்மா வீட்டுல இருந்திச்சு. கரண்ட் போனா ஐஸ் எல்லாத்தையும் அதைச் சுத்தி அடுக்கி வைப்பாங்க. 'சொன்னா அந்த மனுசன் ஊசியே போடமாட்டார், வாயே திறக்காதை பிள்ளை' எண்டு அவங்கதான் சொன்னாங்க."

ஏழுமலைக்குக் கண் கலங்கியது. விறுவிறுவென்று வெளியே வந்தார்.

"தப்பை நிறுத்தாதீங்கடா! கிளாக்கர் வீட்டுக்கு நடங்க!"

மூக்கையா பதறினான். "நல்ல நாளும் அதுவுமா மறுபடி சண்டையா தலைவரே?"

"இல்லடா, அந்தம்மா கால்ல விழப் போறேன்."