பாதி வைட்டமின்

பூரிங்கின் தலையணையை நர்ஸ் ஜோவலின் உதறியபோது மருந்துக்கடைக் கவர் ஒன்று பொத்தென்று கீழே விழுந்தது.

வார்டில் பன்னிரண்டு கட்டில்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு துணையாள், கையில் இஞ்சிக் கஞ்சி. அத்தனை கரண்டியும் அப்படியே நின்றுவிட்டது.

"வைட்டமின்தான் மேடம்," என்று அக்கா பெலன் முந்திக்கொண்டாள்.

கட்டிலில் கிடந்த பூரிங்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இலோயிலோ நகரத்து மீன் சந்தையில் வழுக்கி விழுந்து, காலை உடைத்துக்கொண்டு வந்த அன்றும் இதே சொல்தான். வீட்டில் என்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று கேட்டார்கள். வெறும் வைட்டமின் என்று அக்கா எழுதவைத்தாள். ஏழு வருடமாகக் குடும்பத்தில் அந்த மாத்திரைக்கு அதுதான் பெயர்.

வைட்டமின் இல்லாமல் யார் செத்தார்கள்? ஆஸ்பத்திரி அதைத் தரவே இல்லை.

மாத்திரை இல்லாத மூன்று நாளும் பூரிங்குக்குத் தலைக்குள் ஷாக் அடித்தது, கண்ணீர் தானாகக் கொட்டியது. கால் வலி என்று எழுதி ஊசி போட்டார்கள். வீட்டிலிருந்து மாத்திரையை எடுத்து வா என்று அக்காவிடம் கெஞ்சிப் பார்த்தாள். "பைத்தியம்னு வார்டே பேசும்டி, வாயை மூடு" என்றுவிட்டாள் அவள்.

இன்று காலை பார்த்தால் தலையணைக்கடியில் இந்தக் கவர். உள்ளே அதே வெள்ளை மாத்திரை, என்னவோ பாதி பாதியாக உடைத்து. ஒருவழியாக அக்கா மனசு இரங்கிவிட்டது என்று பூரிங் ஒன்றை விழுங்கினாள்.

"வெளி வைட்டமின் எல்லாம் இங்க கூடாதும்மா." ஜோவலின் கவரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

கவர் போனால் மாத்திரையும் போனதுதான். பூரிங் முழங்கையை ஊன்றி எழுந்தாள். மீன் விலை கூவிப் பழகிய தொண்டை அது.

"குடு இங்க! வைட்டமினும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. மனச்சோர்வுக்கு மாத்திரை. ஏழு வருஷமா அதாலதான் காலையில எந்திரிச்சு சந்தைக்குப் போறேன். எழுதிக்க, நல்லா பெரிசா எழுதிக்க!"

அக்கா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

மருந்தின் பெயரை எழுதத்தான் ஜோவலின் கவரை வெளியே எடுத்தாள். திருப்பிப் பார்த்தவள், அதைப் பூரிங்கிடம் நீட்டினாள்.

மருந்து அதேதான். ஆனால் பூரிங்குடையது ஐம்பது மில்லிகிராம். கவரில் நூறு என்றிருந்தது. அதற்கு மேலே பெயர்: பெலன் பால்மாரெஸ்.

மூன்று நாளாக அக்கா வீட்டுக்கே போகவில்லை என்பது பூரிங்குக்கு அப்போதுதான் உறைத்தது.

பெலன் முகத்திலிருந்து கையை எடுத்தாள். இடுப்புப் பையிலிருந்து ஒரு காகித மடிப்பைப் பிரித்தாள். உள்ளிருந்ததை நாக்கில் போட்டு, தங்கையின் தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தாள்.

"என்னடி பார்க்கற? மீதிப் பாதி எனக்குத்தான்," என்றாள், பன்னிரண்டு கட்டிலுக்கும் கேட்கும்படி.